நாற்காலிக்கு 67 டாலர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சீட்டாட்டம் கற்றுக்கொடுக்கும் பதிவு இல்லை. அதற்கான யோக்கியதையும் எனக்குக் கிடையாது. போன குளிர்காலத்தில் 143 டாலர் தோற்றவன் நான். வங்கி உத்தியோகம் பார்ப்பவன் என்பதால் அந்த 143க்கும் தேதிவாரியாக நோட்டில் கணக்கு இருக்கிறது. தங்கமணியிடம் 40 என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் தமிழ் படிப்பார் என்பது இந்த வரியை எழுதிய பிறகுதான் ஞாபகம் வருகிறது. சரி, எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும் :-)

எட்மண்டனில் டிசம்பர் மாதம் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும். மைனஸ் 30 வரை போகும் ஊரில் சாயங்காலம் எங்கே போவது? இரண்டு தெரு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருக்கிறார். பத்து வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டில் நாலு பேர் கூடி 304 ஆடுவோம். அவர் பாஷையில் ‘கடதாசி விளையாட்டு’. ஒருவர் டொரோண்டோ போனார், ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க கால்கரிக்கே குடிபோனார். நாங்கள் இரண்டு பேர் மிச்சம். இரண்டு பேரை வைத்துக்கொண்டு 304 ஆட முடியாது. அப்படித்தான் போக்கருக்கு வந்தோம். அதிலும் இரண்டே பேர் ஆடுகிற ‘ஹெட்ஸ்-அப்’, பந்தயத் தொகைக்கு வரம்பு வைத்த ‘லிமிட்’ ஆட்டம்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஆக நாலு சுற்று பந்தயம். முதல் இரண்டு சுற்றில் ஏற்றினால் 1 டாலர்தான் ஏற்றலாம், கடைசி இரண்டில் 2 டாலர். சீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இருவரும் நடுவில் காசு போட்டாக வேண்டும். சீட்டுப் போடுகிறவர் அரை டாலர், எதிராளி முழு டாலர். இதற்கு ‘பிளைண்ட்’ என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு போடும் காசு, பெயர் சரிதான். முதல் சுற்றில் சீட்டுப் போட்டவர் முதலில் பேச வேண்டும். அதற்கப்புறம் மூன்று சுற்றிலும் எதிராளி முதலில், சீட்டுப் போட்டவர் கடைசியில்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

விஷயம் என்னவென்றால், எனக்குச் சீட்டுக் கலைக்க வராது. நான் கலைத்தால் பாதிச் சீட்டு சோபாவுக்கு அடியில் போகும். அண்ணைக்கோ விரல்களில் ஏதோ வித்தை. “தம்பி, உமக்கு ஏன் சிரமம், இஞ்ச தாரும்” என்று வாங்கிக்கொள்வார். ஒரு நாள், இரண்டு நாள், அப்புறம் அதுவே பழக்கம். அவர் வீடு, அவர் மேசை, அவர் கடதாசி, அவரே சீட்டும் போடுவார். முறைப்படி ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த வேலை மாற வேண்டும். நாங்கள் மாற்றவில்லை. 19 ராத்திரி, ராத்திரிக்குச் சுமார் 40 ஆட்டம். நான் ஒவ்வொரு தடவையும் முழு டாலரைப் போட்டுவிட்டு முதலில் வாயைத் திறந்தேன்.

முதலில் வாயைத் திறப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். என் கையில் சுமாரான ஒரு ஜோடி இருக்கிறது என்று வையுங்கள். நான் ஏற்றினால், நல்ல சீட்டு வைத்திருப்பவர் திருப்பி ஏற்றுவார், ஒன்றும் இல்லாதவர் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். இரண்டிலும் எனக்கு லாபம் குறைவு. ஏற்றாமல் சும்மா இருந்தால், ‘இவனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் இஷ்டம்: ஏற்றி மிரட்டலாம், இல்லாவிட்டால் அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். நான் பேசும்போது என்னிடம் என் சீட்டு மட்டும்தான். அவர் பேசும்போது அவர் சீட்டும் இருக்கிறது, நான் சொன்ன சொல்லும் இருக்கிறது. கடன் கேட்டு வருகிறவரிடம் “எவ்வளவு தேவைப்படுது சார்?” என்று முதலில் கேட்டுவிட்டுத்தானே எங்கள் ஆபீஸிலும் பேனாவைத் திறக்கிறோம்! அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகியதால் இந்தப் பக்கம் உறைக்கவில்லை போலிருக்கிறது.

மகள் இங்கே ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். என் நோட்டைப் பார்த்துவிட்டு, “அப்பா, இதை எங்க யூனிவர்சிட்டியிலயே 2015ல சால்வ் பண்ணிட்டாங்க. டீலர்தான் ஜெயிப்பார். தெரியாதா?” என்றாள். தெரியாது. எட்மண்டனுக்கு வந்து 16 வருஷமாகிறது. வாராவாரம் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போகிறேன்.

மைக்கேல் பௌலிங் என்ற பேராசிரியரும் இன்னும் மூன்று பேரும் 2015 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அது. நாங்கள் ஆடுகிற அதே ஆட்டம்தான், ஹெட்ஸ்-அப் லிமிட். 4,800 பிராசஸர்களை இரண்டு மாதத்துக்கும் மேல் ஓடவிட்டு, ‘செபியஸ்’ என்ற புரோகிராமைத் தனக்குத் தானே ஆடவிட்டிருக்கிறார்கள். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து ஆடினாலும் அதில் ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க முடியாத அளவுக்கு அது தேர்ந்துவிட்டதாம். அது கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு முடிவுக்கும் திரும்பிப் போய், ‘இங்கே இப்படிச் செய்யாமல் அப்படிச் செய்திருந்தால் எவ்வளவு கூடக் கிடைத்திருக்கும்’ என்று ஒரு தொகையைக் கூட்டிக்கொண்டே வரும். அந்தத் தொகை அதிகமாக இருக்கிற பக்கம் அடுத்த தடவை சாயும். அந்தத் தொகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரிக்ரெட்’. வருத்தம். வருத்தத்தைக் காசாகக் கணக்கு எழுதலாம் என்று பி.காம். பாடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரையில் ஒரு எண் இருக்கிறது. இரண்டு பேரும் துளி தப்பில்லாமல் ஆடினால், சீட்டுப் போடுகிறவருக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் கிடைக்கும் சராசரி லாபம், பெரிய பிளைண்டில் ஆயிரத்தில் 87.7க்கும் 89.7க்கும் நடுவில். எங்கள் 1 டாலர் கணக்கில் ஏறத்தாழ 8.8 சென்ட். அவரும் சும்மா உட்காரவில்லை, அரை டாலர் கட்டாயமாகப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். அந்தக் கட்டாயக் காசையும் தாண்டி இது லாபம்.

உடனே கால்குலேட்டரை எடுத்தேன். 19 ராத்திரி, 40 ஆட்டம், மொத்தம் 760. 8.8 சென்டால் பெருக்கினால் 66 டாலர் 88 சென்ட். நாங்கள் ஒன்றும் செபியஸ் இல்லை, அதனால் இது குத்துமதிப்புதான். ஆனாலும் 143ல் 67 டாலர் நாற்காலிக்கு, மீதி 76 என் முட்டாள்தனத்துக்கு என்று நோட்டில் பிரித்து எழுதினேன். எழுதியதும் மனசு லேசானது உண்மை.

இடையில் ஒரு வங்கிக்காரர் கதை. டல்லாஸில் சொந்தமாக வங்கி வைத்திருக்கும் ஆண்டி பீல் என்பவர் 2001லிருந்து 2006 வரை அவ்வப்போது லாஸ் வேகாஸுக்குப் போய், உலகத்தின் தலைசிறந்த போக்கர்க்காரர்களுடன் இதே ஆட்டத்தை ஆளுக்கு ஆள் உட்கார்ந்து ஆடினார். அவர்கள் தனித்தனியாகச் சமாளிக்க முடியாமல் பணத்தைச் சேர்த்துக் கூட்டாக நின்றார்கள். 2004ல் பந்தயம் ஒரு லட்சம், இரண்டு லட்சம் டாலர் வரை போனது. 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவி மூன்றே நாளில் அவரிடம் 1.66 கோடி டாலர் ஜெயித்தார். ஒரு லட்சம் டாலர் பிளைண்ட் என்றால் நாற்காலிக்கு மட்டும் ஆட்டத்துக்கு 8,800 டாலர்! ஆனால் அங்கே அந்த இடம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கை மாறும். இந்த ஆட்டத்தில் உனக்கு, அடுத்ததில் எனக்கு, கழித்தால் பூஜ்யம். ஆக பீல் தோற்றதற்கு நாற்காலியைக் காரணம் சொல்ல முடியாது. எனக்கு அந்த வசதி இருக்கிறது.

எனக்கு மட்டும்தானா என்று யோசித்தபோதுதான் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்தது.

எங்கள் ஊர் புத்தலப்பட்டு. சித்தூரிலிருந்து வரும் சாலை திருப்பதிக்கு ஒன்று, கர்நூல் பக்கம் ஒன்று என்று பிரிகிற இடம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து, அம்மா வாரப் பத்திரிகையை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கரும்பு, வெல்லம் காய்ச்சும் கொட்டகை. சித்தூர் வெல்ல மண்டிக்குப் போகும் லாரிச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம்.

சிவராத்திரிக்குக் கண் விழிக்க வேண்டும். அம்மா, அத்தையெல்லாம் கோயிலில். கொட்டகைத் திண்ணையில் அப்பாவும் சின்ன மாமாவும் (அம்மாவின் தம்பி) மூணு சீட்டு ஆடுவார்கள். அப்பாவை அவர் தெலுங்கு வழக்கப்படி ‘பாவா’ என்பார், அப்பா அவரைத் தமிழில் ‘மச்சான்’ என்பார். ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு ரூபாய் நடுவில். எதிராளி முதலில் பேசணும், சீட்டுப் போட்டவர் அப்புறம். எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு: ஜெயித்தவர்தான் அடுத்த சீட்டும் போட வேண்டும். ஜெயித்த கைக்கு வேலை, தோற்றவனுக்கு ஓய்வு என்று தாத்தா காலத்து நியாயம்.

1991 சிவராத்திரியில் அப்பா கையிலிருந்த காசெல்லாம் போய், விடியக்காலை தன் எச்.எம்.டி. ஜனதா வாட்சைக் கழற்றி வைத்தார். அதுவும் போனது. அது கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்ட வாட்ச். போட்டவரின் மகனிடமே திரும்பிப் போய்விட்டது. அம்மா கோயிலிலிருந்து வந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே! தம்பி என்றும் பார்க்காமல், “சீட்டுல ஏதோ பண்ணிட்டே” என்று பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு ரோஷம் வந்து, “வாக்கா, காணிப்பாக்கம் போலாம், பிள்ளையார் முன்னால சத்தியம் பண்றேன்” என்று கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் காணிப்பாக்கத்தில் சத்தியம் என்றால் விளையாட்டு இல்லை. கோர்ட்டில் துணிந்து பொய் சொல்கிறவனும் அந்தக் குளத்தில் முழுகிவிட்டுச் சொல்லப் பயப்படுவான். போனார்கள். மாமா முழுகினார், சத்தியம் செய்தார். அதற்கப்புறம் பழி முழுக்க அப்பா தலையில் வந்தது. ‘சீட்டுல வாட்சைத் தொலைச்ச மனுஷன்.’ அம்மா சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள். விவரம் தெரிந்த பிறகு நானும் சொன்னேன்.

இப்போது, 35 வருஷம் கழித்து, அதே சிவராத்திரிக்குக் கணக்குப் போடுகிறேன்.

அப்பா ஆடும் விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பொறுமைசாலி. கையில் ஜோடியாவது வந்தால்தான் பேசுவார், இல்லாவிட்டால் கவிழ்த்துவிடுவார். 52 சீட்டில் மூன்று சீட்டு 22,100 விதமாக வரலாம். அதில் 16,440 விதத்தில் ஜோடிகூடக் கிடையாது. அதாவது நாலில் மூன்று தடவை அப்பா ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். நாலாவது தடவை வாயைத் திறந்தால், மாமா முட்டாளா என்ன, கவிழ்த்துவிடுவார். அப்பாவுக்கு ஒரு ரூபாய். நாலு ஆட்டத்துக்கு இரண்டு ரூபாய் நஷ்டம். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து ஆடினால் இந்தப் பொறுமை செல்லும். இரண்டு பேர் ஆட்டத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டாயக் காசு போய்க்கொண்டே இருக்கும், காத்திருப்பதற்கு வட்டி மாதிரி. இது அப்பாவின் தப்பு. பிள்ளை என்பதற்காக மறைக்க முடியாது.

இன்னொரு பாதி அவர் தப்பு இல்லை. நாலில் மூன்று ஆட்டம் மாமா ஜெயிக்கிறார். ஜெயித்தவர்தான் சீட்டுப் போட வேண்டும். ஆக, கடைசியில் பேசும் இடம் மாமாவிடமே தங்கிவிடுகிறது. அப்பா எப்போதாவது ஜெயித்தால் ஒரு ஆட்டம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். விடியவிடிய முதலில் பேசியவர் அவர்தான். மாமா ஒன்றும் செய்யவில்லை, பிள்ளையாருக்கு நன்றாகத் தெரியும். தாத்தாவின் சட்டம்தான் செய்தது. அந்த நஷ்டம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. செபியஸ் மூணு சீட்டு ஆடியதில்லை.

1967ல் செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய ஆந்திர வழக்கில், ரம்மி திறமை ஆட்டம், மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் படித்த நண்பர்கள் இதை அடிக்கடி எடுத்துப் போடுவார்கள். சீட்டு யாருக்கு எது வரும் என்ற வரைக்கும் சரிதான். யார் முதலில் பேசுவது என்பது அந்த வழக்கில் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

2006ல் தங்கையின் கல்யாணத்துக்காக ரோட்டோர ஒரு ஏக்கரை விற்க வேண்டி வந்தது. நான் அப்போது வங்கியில் சேர்ந்து ஐந்து வருஷம், கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. வாங்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, “நீ விலை சொல்லாதே. அவன் முதல்ல சொல்லட்டும்” என்றார். தங்கையை வைத்துக்கொண்டு, வெளியில் கேட்கிற சத்தத்தில் நான் சொன்னேன்: “வாட்சைச் சீட்டுல விட்டவரு நீங்க. விலை பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

வெளியே போய் மூன்று லட்சம் என்றேன். அந்த ஆள் மோர் டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. “சரி தம்பி” என்றார். பேரமே இல்லை. பேரமே இல்லாதபோது வயிற்றில் ஒன்று விழுமே, அது விழுந்தது. நாலு மாதத்தில் பக்கத்து ஏக்கர் நாலரைக்குப் போனது.

அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நான் அன்னைக்கே சொன்னேனே’ என்றுகூடச் சொல்லவில்லை. 2018ல் போய்ச் சேர்ந்தார். நான் இங்கிருந்து போய் இறங்கியபோது காரியம் முடிந்திருந்தது. திண்ணையில் அந்த ராத்திரிகளில் அவர் என்ன தெரிந்துகொண்டார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அட, அப்பிடியே! நீர் முதலே சொல்லியிருக்கலாமே” என்று சிரித்துவிட்டுக் கடதாசிக் கட்டை என் பக்கம் தள்ளினார். இப்போது மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஆறு ராத்திரி ஆகிவிட்டது. இன்னமும் தோற்கிறேன், மெதுவாக. சோபாவுக்கு அடியில் குனிந்து சீட்டுப் பொறுக்குவதில் கொஞ்சம் உடற்பயிற்சி.

போன ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமாவுக்குப் போன் போட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. யூனிவர்சிட்டி, கம்ப்யூட்டர், 88, ஜெயித்தவன் சீட்டுப் போடும் சட்டம், எல்லாம். நடுவில் ஒரு தடவை “இன்னாடா மாப்ள, கனடால இதுக்கெல்லாமா படிக்கிறாங்க” என்றார். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“அப்போ அந்த வாட்சு யாருதுன்ற?”

“பாதி உங்களுது மாமா. பட்டை அப்பாவுதுன்னு வெச்சுக்கலாம்.”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது.

“அது ஓடறதில்லடா. நின்னு வருஷமாச்சு. பீரோல துணியில சுத்தி வெச்சிருக்கேன். உங்க அம்மா கையில குடுக்கப் பயம். நீ வரும்போது எடுத்துட்டுப் போ.”

ஜூலைக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.